ஆதுலர்சாலையும் அமர்வுக் கட்டணமும்

மனம் சோர்ந்த ஒருவர், அதற்கென்று படித்த வேறொருவரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுப் பெற்று, மூடிய அறையில் முக்கால் மணியோ ஒரு மணியோ பேசிவிட்டு, பேசிய நேரத்துக்கான தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே செலுத்தித் திரும்பும் வழக்கம், செங்கல்பட்டு வட்டாரத்திலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் இன்று யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ‘அமர்வு’ அல்லது ‘செஷன்’ என்று அழைக்கப்படும் அந்த நேரத்துக்கான கட்டணத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன: நோயுற்றவரே செலுத்துகிறார், குணத்துக்கோ மருந்துக்கோ அல்லாமல் நேரத்துக்குச் செலுத்துகிறார், ஊருக்கும் உறவுக்கும் தெரியாமல் தனியாகச் செலுத்துகிறார். இம்மூன்றும் இந்த நிலப்பகுதிக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தவை அல்ல. மருத்துவருக்கு யார், எதை, எப்போது கொடுத்தார்கள் என்ற கேள்வியோடு இவ்வட்டாரத்தின் ஆவணங்களைப் படித்தால், நோயாளி கைக்காசு கொடுத்து மருத்துவம் பெறுவது பழைய முறை என்றும், இலவச மருத்துவம் பிற்கால அரசுகளின் கொடை என்றும் பலரும் கொண்டிருக்கும் எண்ணம் ஏறக்குறைய தலைகீழானது என்பது புலப்படும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடல் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிக்கப்படுவதற்கு முன்பிருந்த, 2019இல் மீண்டும் தனி மாவட்டமாகத் தலைதூக்கிய செங்கல்பட்டின் பழைய எல்லைக்குள் அது அடங்கியிருந்தது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1067-68இல், வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, சனநாத மண்டபம் என்ற கட்டடத்தையொட்டி நடந்த வேதக் கல்லூரி, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்று பெயர் பெற்ற ஆதுலர்சாலை ஆகியவற்றின் ஆண்டுச் செலவை இனம் இனமாகப் பதிவு செய்கிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலர்சாலை என்பது நோயுற்றோர் படுத்துக்கிடந்து மருத்துவம் பெறும் இடம், இன்றைய சொல்லில் உள்நோயாளர் மருத்துவமனை. அதில் 15 பேருக்கு இடம் இருந்தது.

கல்வெட்டின் சிறப்பு அதன் பக்தியிலோ மெய்க்கீர்த்தியிலோ இல்லை, கணக்கில் இருக்கிறது. சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் விதிக்கப்பட்டது. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற அன்றைய முகத்தலளவையின்படி, 360 நாளுக்குக் கூட்டினால் ஆண்டுக்குச் சரியாக 90 கலம் வரும். அதற்கு மேல் 8 காசு. ‘சல்லியக்கிரியை’ எனப்பட்ட அறுவை மருத்துவம் செய்பவருக்கு நாளுக்கு ஒரு குறுணி, ஆண்டுக்கு 30 கலம். மூலிகை பறித்து விறகு கொண்டுவந்து மருந்து செய்யும் இருவருக்கு 60 கலமும் 2 காசும், ‘மருந்து அடும் பெண்டுகள்’ என்று குறிக்கப்படும் பணிப்பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும், நாவிதருக்கு 15 கலமும், தண்ணீர் கொண்டுவருபவருக்கு 15 கலமும் ஒதுக்கப்பட்டன. படுத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் நாளுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். இத்தனை நுணுக்கமாகச் செலவை எழுதியவர்கள், நோயாளியிடமிருந்து பெறவேண்டியது என்று ஓர் இனத்தையும் எழுதவில்லை. மருத்துவரின் பிழைப்பு நோயாளியின் வருகையைச் சார்ந்திருக்கவில்லை. சாலையில் ஒருவரும் படுத்திராத நாளிலும் அவருக்குரிய மூன்று குறுணி அளக்கப்பட்டிருக்கும்.

அதே வளாகத்தில் இலக்கணம் கற்பித்த ஆசிரியருக்கு நாளுக்குத் தூணி, அதாவது நான்கு குறுணி நெல் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவரைவிட இலக்கண ஆசிரியருக்கு ஊதியம் கூடுதலாக இருந்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது என்பதை இன்றைய தமிழாசிரியர்கள் ஒரு பெருமூச்சோடு குறித்துக்கொள்ளலாம்.

சாலையில் ஆண்டுதோறும் இருப்பு வைக்கப்படவேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் உள்ளது. வாசாகரீதகி, தசமூலகரீதகி, கோமூத்திரகரீதகி போன்ற கடுக்காய் மருந்துகள், தைலங்கள், நெய் மருந்துகள், உப்பு மருந்துகள் என்று சுமார் இருபது பெயர்கள் அதில் வருகின்றன. அவற்றுக்கிடையே ‘புராண சர்ப்பி’, அதாவது பல ஆண்டுகள் வைத்துப் பழக்கிய பசுநெய்யும் இடம்பெறுகிறது. மனம் பிறழும் நோயை ‘உன்மாதம்’ என்று பெயரிட்டு அதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கிய சரக சம்ஹிதை, அந்நோய்க்குப் பரிந்துரைக்கும் மருந்துகளில் பழைய நெய்யும் ஒன்று. வீரசோழன் ஆதுலர்சாலையில் மனநோயாளிகள் படுத்திருந்தனர் என்று இதை மட்டும் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. பழைய நெய் வேறு பல நோய்களுக்கும் உரியது. ஆனால் அன்றைய மருத்துவ நூல்கள் உடல்நோயையும் மனநோயையும் ஒரே மருத்துவரின் பொறுப்பாகவே கொண்டன என்பதும், அந்நூல்வழி வந்த ஒருவருக்கு மனநோய்க்கென்று தனிக் கட்டணம் என்ற எண்ணமே எழுந்திருக்க வழியில்லை என்பதும் தெளிவு.

மருத்துவருக்கு நெல்லும் காசும் அளப்பதற்கு ஈடாக நிலத்தையே கொடுத்துவிடும் முறையும் இருந்தது. பரம்பரையாக மருத்துவம் செய்யும் உரிமையோடு சேர்ந்த நிலம் மருத்துவக் காணி எனவும், வைத்திய விருத்தி எனவும், வைத்திய போகம் எனவும் இடத்துக்கு இடம் பெயர் பெற்றது. தஞ்சையில் தன் தந்தை பெயரால் அமைந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலையின் மருத்துவருக்குக் குந்தவை நிலம் அளித்தது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இந்த ஏற்பாட்டைக் கண்டு ‘அன்றே இலவச மருத்துவம்’ என்று பூரித்துப்போவது எளிது. மேடைப் பேச்சுகளில் அது அடிக்கடி நிகழ்கிறது. திருமுக்கூடல் சாலை கோயிலையும் கல்லூரியையும் விடுதியையும் ஒட்டி எழுந்தது, அவற்றைச் சார்ந்தோரின் நலனே அதன் முதல் நோக்கம். அசுவத்தாம பட்டனுக்குரிய 90 கலத்தைச் சேற்றில் இறங்கி விளைவித்தவர்களுக்கு நோய் வந்தபோது அந்தப் பதினைந்து இடங்களில் ஒன்று கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு அன்றைய சாதி ஒழுங்கை அறிந்தோர் நம்பிக்கையான விடை சொல்லமாட்டார்கள். நோயாளி பணம் கொடுக்கவில்லை என்பது உண்மை. யாரோ கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

கோயிலைச் சாராத சாதாரண ஊர்களில் மருத்துவர் எப்படிப் பிழைத்தார் என்பதை அறிய ஏழு நூற்றாண்டுகள் தள்ளி வரவேண்டியிருக்கிறது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு கூடிய நிலமாக, ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அதை அளந்து, சுமார் 2,000 ஊர்களின் நிலம், குடிகள், தொழில்கள், விளைச்சல் பங்கீடு ஆகியவற்றைப் பதிவு செய்தார். அதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிக்கொடுத்த ஓலைகளில் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து வெகுதூரமில்லாத திருப்போரூரின் கணக்கும் வடக்குப்பட்டின் கணக்கும் அச்சிலும் வந்துள்ளன. காந்தியரான தரம்பால் இந்த ஆவணங்களின் மீது ஆய்வாளர் கவனத்தைத் திருப்பியவர்.

அக்கணக்குகள் காட்டும் ஏற்பாட்டுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். ‘சுதந்திரம்’ இங்கே விடுதலையைக் குறிப்பதில்லை; களத்துமேட்டில் குவித்த நெல்லில், அரசுக்கும் மிராசுதாருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னும் பின்னுமாக, ஊருக்குத் தொழில் செய்வோருக்கு எடுத்துக்கொடுக்கும் உரிமைப் பங்கைக் குறிக்கிறது. கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், குயவர், கோயில் பூசாரி ஆகியோருடன் வைத்தியரும் அந்த வரிசையில் நின்றார். பல ஊர்களில் மானிய நிலமும் அவருக்கு இருந்தது. நாவிதரே பல இடங்களில் புண்ணுக்குக் கட்டுப் போடுபவராகவும் அவர் மனைவி பேறு பார்க்கும் மருத்துவச்சியாகவும் விளங்கினர். பரிகாரம் செய்பவர் என்ற பொருளில் வந்த ‘பரியாரி’ என்ற சொல், தமிழ்நாட்டின் சில பகுதிகளில் நாவிதரைக் குறிக்க, யாழ்ப்பாணத்தில் மரியாதைக்குரிய நாட்டு வைத்தியரைக் குறிக்கும் வேறுபாடு இந்த இரட்டைத் தொழிலின் தடம். மேரை முறையின் உள்ளியல்பு ஒன்றே: நோய் வருவதற்கு முன்பே ஊர் மொத்தமும் சேர்ந்து வைத்தியருக்குக் கொடுத்துவிடுகிறது. விளைச்சல் பொய்த்தால் வைத்தியருக்கும் குறையும். ஊர் செழித்தால் அவரும் செழிப்பார். பிற்காலத்துக் காப்பீட்டை ஒத்த இந்த ஏற்பாட்டில் பிரீமியம் நெல்லாக இருந்தது, முகவர் இல்லை.

மனத்தைப் பார்த்தவர்களின் ஊதியம் இதிலிருந்து சற்று விலகியது. ‘பார்வை பார்த்தல்’, ‘மந்திரித்தல்’, ‘வேப்பிலை அடித்தல்’, ‘தாயத்துக் கட்டுதல்’, ‘குறி கேட்டல்’ என்று ஊரார் பெயரிட்ட சிகிச்சைகளில் விலை சொல்வது குற்றமாகக் கருதப்பட்டது. வாய்விட்டு விலை கேட்டால் மந்திரம் பலிக்காது என்பது பரவலான நம்பிக்கை. ஆகவே வெற்றிலை பாக்கின் மேல் வைத்த தட்சிணை, முடிந்து வைத்த காணிக்கை, குணமானபின் ஒரு சேவல், கோயிலுக்கு ஒரு மணி என்று பணம் மறைந்தும் வேற்றுருவிலும் சென்றது. இதை இலவசம் என்று கருதினால் தவறாகும். பல நாள் கோயில் வாசலில் தங்கியிருப்பதன் செலவும், உடன் தங்கும் உறவினரின் இழந்த கூலியும், பம்பை உடுக்கைக்காரர்களின் கூலியும் சேர்ந்தால் ஓர் ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளப் போதுமானவை. ஆயினும் அச்செலவுக்கு ஒரு குணம் உண்டு: அது ஊரறியச் செய்யப்பட்டது, உடன்பிறந்தோரும் மாமன் மச்சானும் பகிர்ந்துகொண்டது.

இக்கடற்கரையில் அத்தகைய இடங்கள் இன்றும் உயிரோடு உள்ளன. ஆற்காட்டு நவாபின் காலத்தில் சாதத் பந்தர் என்று துறைமுகப் பெயர் பெற்ற கோவளத்தில், தமீம் அன்சாரி அடக்கமாகியிருப்பதாக நம்பப்படும் தர்காவுக்கு மதவேறுபாடின்றி மக்கள் தீராத நோய்களுக்கும் மனக்குறைகளுக்கும் வேண்டுதலோடு வருகின்றனர். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து கூடி, மணலில் தடுப்புக்கட்டிக் கன்னியம்மனை வழிபடும்போது, அருள் வந்தவரிடம் ஆண்டு முழுவதும் தேக்கிவைத்த துயரங்களைச் சொல்லிக் குறி கேட்பதும், பிணக்குத் தீர்வதும், பெண் கேட்டு முடிப்பதும் ஒரே இரவில் அக்கம்பக்கத்தார் கேட்க நடைபெறுகின்றன. அங்கே தனியறை கிடையாது, நேரக்கணக்கும் கிடையாது. விடிந்ததும் கடலில் குளித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இதை மனநல சிகிச்சை என்று பெயரிட்டு மேன்மைப்படுத்த வேண்டிய தேவையில்லை. ஆனால் ‘மனத்தைத் திறந்து பேசும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை’ என்ற நகரத்துக் கூற்றுக்கு அது போதுமான மறுப்பு.

நோயாளியின் பெயரால் பணம் கைமாறும் முறை இந்த வட்டாரத்துக்கு வந்த ஆண்டை ஓரளவு துல்லியமாகவே காட்டலாம். 1794இல் லயனல் பிளேஸ் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில், வடக்கே சென்னையின் புரசைவாக்கம் பக்கத்தில், வாலன்டைன் கானலி என்ற கம்பெனி அறுவை மருத்துவர் 16 பேர் தங்கும் மனநோயர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அது அரசு மருத்துவமனையாக அல்லாமல் தனியார் தொழிலாகவே தொடங்கியது. கட்டடம் கானலியுடையது, கம்பெனி தன் படையினரையும் ஊழியர்களையும் அங்கே அனுப்பி அவர்களுக்காகப் பணம் கொடுத்தது. அவருக்குப் பின் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு, டால்டன் என்று அந்த இல்லம் கைமாறியது. டால்டன் பெயராலேயே பல காலம் வழங்கவும் பட்டது. ஒரு கிராமத்து வைத்தியரின் மேரைப் பங்கைக் கைமாற்றி விற்பனைப் பொருளாக்குவதற்கும் ஒரு மனநோயர் இல்லத்தைக் கட்டடத்தோடும் நோயாளிகளோடும் சேர்த்து விற்பதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. ஆள்கணக்கும் தகுதிக்கேற்ற தொகையும் மனநோய் மருத்துவத்துக்குள் அந்த வாசல் வழியாகவே நுழைந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரு சட்ட நடவடிக்கைகள் பழைய ஏற்பாட்டின் மீதியையும் கழற்றின. 1858இல் இயற்றப்பட்ட மனநோயர் இல்லச் சட்டம், நோயாளிக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்தோ, காப்பாற்றக் கடமைப்பட்ட வசதியுள்ள உறவினரிடமிருந்தோ பராமரிப்புச் செலவைப் பெறலாம் என்ற கொள்கையை நிலைநாட்டியது. அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் தொடங்கிய இனாம் கமிஷன், தொழிலுக்காகக் கொடுக்கப்பட்டிருந்த மானியங்கள் பலவற்றுக்குச் சிறு தீர்வை விதித்து, அவற்றை வைத்திருந்தவர்களின் தனிச்சொத்தாக மாற்றிப் பட்டயம் வழங்கியது. வைத்திய மானியம் பெற்றவரின் பேரன் அதன்பின் நிலத்தை விற்கலாம். வைத்தியம் பார்க்க வேண்டிய கட்டாயம் மட்டும் அவருக்கு இல்லை. ஊருக்கும் வைத்தியருக்கும் இடையே இருந்த கட்டு அறுந்தபோது, ‘வைத்தியருக்கு என்ன கொடுப்பது’ என்ற கேள்வி முதல்முறையாக ஒவ்வொரு வீட்டின் கேள்வியாக மாறியது.

1871இல் கீழ்ப்பாக்கத்தில், லோகாக் தோட்டம் எனப்பட்ட இடத்தில், அரசு மனநோயர் இல்லம் திறக்கப்பட்டது. பின்னாளில் மனநல மருத்துவமனையாகவும் மனநலக் கழகமாகவும் பெயர் மாறி அது இன்றும் இயங்குகிறது. செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்து மக்களுக்கு ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே ஏச்சுச்சொல்லாக மாறிப்போன அளவுக்கு அது ஒன்றே வழியாக இருந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் டாக்டர் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்து வெளிநோயாளர் பிரிவை வளர்த்ததும், ஓய்வுக்குப்பின் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை நிறுவியதும், அடைத்துவைத்துப் பார்ப்பதிலிருந்து வந்துபோக வைத்துப் பார்ப்பதற்கு மருத்துவம் நகர்ந்ததன் அடையாளங்கள். 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, ரயிலேறிச் சென்னை செல்லாமலே மனநல மருத்துவரைப் பார்க்க இப்பகுதியினருக்கு வழிசெய்தது. இவையெல்லாம் பெரும்பாலும் மாத்திரை வழி நடக்கும் மருத்துவம். ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடம். அரசு மருத்துவமனையில் பணம் வேண்டாம், ஆனால் நேரம் கிடைக்காது என்ற நிலையே, நேரத்தைப் பணத்துக்கு வாங்கும் வழக்கத்துக்கு நிலத்தைப் பண்படுத்தியது.

நேரத்தை விற்கும் எண்ணம் வியன்னாவிலிருந்து வந்தது. உளப்பகுப்பாய்வு என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டு, 1913இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒவ்வொரு நோயாளிக்கும் தம் வேலை நாளின் குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தைக் குத்தகைக்கு விடுவதைப் போன்றதே தம் முறை என்றும், அந்த நேரத்தை அவர் பயன்படுத்தாமல் போனாலும் பணம் கொடுக்கவேண்டியவரே என்றும் விளக்கினார். கட்டணத்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசவேண்டும் என்பதும், சுமார் பத்தாண்டுகள் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இலவசச் சிகிச்சைக்கு ஒதுக்கிப் பார்த்தும் நல்ல பயன் விளையவில்லை என்பதும் அக்கட்டுரையின் வாதங்கள். அதே ஃபிராய்டு 1918இல் புடாபெஸ்டில், ஏழைக்கும் மனத்துக்கான உதவி பெறும் உரிமை உண்டு என்றும் ஒருநாள் அரசுகள் அதை இலவசமாகத் தரும் என்றும் பேசியதும், 1920இல் பெர்லினில் அவருடைய சீடர்கள் அத்தகைய மருத்துவகம் திறந்ததும் குறைவாகவே நினைவுகூரப்படுகின்றன. இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். 1933இல் அங்குள்ள கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவமனை ஒன்றுக்குள் முதன்முறையாக மனநல வெளிநோயாளர் பிரிவு தொடங்கியது. தனியறைக் கட்டணமும் பொது மருத்துவமனையின் இலவசமும் இந்நாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்திறங்கின.

பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களால் நிறைந்து, சிறுசேரியும் கேளம்பாக்கமும் நாவலூரும் அடுக்ககங்களாக உயர்ந்த கடந்த கால் நூற்றாண்டில்தான், அமர்வுக் கட்டணம் இந்தக் கடற்கரைக்கு வந்து நிலைத்தது. இரவுப் பணி, உறவினர் இல்லாத குடியிருப்பு, மணமுறிவு, வீட்டுக்கடன் என்று தனித்தனியே வாழ்ந்த மக்களிடையே தனியே பேச ஓர் இடம் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நிறைவு செய்வோரில் மூன்று வகையினர் உண்டு. சேவை பெறுவோருக்கே அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநோயியலில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் உளவியலில் சிறப்புப் பயிற்சி பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர், மருந்து எழுத இயலாது. ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டுவதற்கோ நெடுங்காலம் எந்தப் பதிவும் கட்டாயமாக இருக்கவில்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டமே அவர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர முயல்கிறது. தட்சிணைக்கு விலை சொல்லக்கூடாது என்ற பழைய கூச்சம் இவர்களிடையேயும் ஒருவிதத்தில் தொடர்கிறது: தொகை அறை வாசலில் எழுதப்பட்டிருப்பது அரிது, வாட்ஸ்அப்பில் கேட்டால் வரும், ஜீபேயில் போய்விடும், ரசீது கேட்பவர்கள் குறைவு.

பணம் கொடுப்பதால் உறவின் தன்மை மாறுகிறது என்று ஃபிராய்டு சொன்னதை இந்திய உச்ச நீதிமன்றம் வேறு நோக்கில் சட்டமாக்கியது. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1995 நவம்பரில் வந்த தீர்ப்பு, கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ‘சேவை’ என்றும், எல்லோருக்கும் இலவசமாகவே அளிக்கும் மருத்துவமனையின் சேவை அதில் அடங்காது என்றும் வகுத்தது. ஆகவே இன்று கட்டணம் செலுத்துபவர் வாங்குவது நேரத்தை மட்டுமன்று. குறை நேர்ந்தால் கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்தே வாங்குகிறார். பூசாரியிடமோ இலவச மருத்துவமனையிலோ கிடைக்காத அந்த உரிமைக்கு ஆதாரம், பெரும்பாலோர் கேட்கத் தவறும் அந்த ரசீதே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் குப்பங்களில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல் நிவாரணப் பொட்டலங்களோடு சேர்ந்து நுழைந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் ஊர்த் தொண்டர்களுக்கு மனநலப் பயிற்சி அளித்தது. 1993இல் சென்னையில் தோன்றிய ‘தி பான்யன்’ அமைப்பு கோவளத்தில் மனநலச் சேவை நடத்திவருகிறது. இச்சேவைகளுக்கு மீனவர் பணம் தரவில்லை, நன்கொடையாளர்கள் தந்தனர். சோழர் காலத்து மானியமும் அறக்கட்டளையின் நன்கொடையும் வடிவத்தில் நெருங்கியவை. ஆனால் மானியம் சந்திராதித்தவர் உள்ளவரை என்று எழுதப்பட்டது, நன்கொடைத் திட்டத்துக்கோ முடிவுநாள் உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் சேவைகளில் மனநல மருத்துவம் பெறுவதை எல்லோருக்கும் உரிமையாக்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அது இலவசம் என்றது. உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு 21ஆம் பிரிவில் ஆணையிட்டது. அடுத்த ஆண்டே காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமும் அதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆயினும் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே செல்லும் என்பதால், வாரம் ஒருமுறை வந்து பேசிச் செல்பவரின் அமர்வுக் கட்டணம் அவருடைய பையிலிருந்தே போகிறது. படுத்துக்கிடப்பவருக்கு மட்டும் கணக்கு எழுதிய திருமுக்கூடல் கல்வெட்டுக்கும் இன்றைய காப்பீட்டுப் பத்திரத்துக்கும் இந்த ஓர் ஒற்றுமை எதிர்பாராதது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, ஒத்தவாடைத் தெருவில், வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஆயுர்வேத மசாஜ் செய்யும் கடைகளின் வாசலில் எந்தத் தைலத்துக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு ரூபாய் என்று பலகையில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. உடலுக்குச் செய்ய முடிந்த அந்த எளிய காரியத்தை மனத்துக்குச் செய்ய முடியாமைக்குத் தக்க காரணம் ஒன்றும் இல்லை. கட்டணமும் படிப்பும் பதிவு எண்ணும் வாசலிலேயே எழுதப்பட வேண்டும். வரலாற்றுக்கும் அது உதவும். செங்கல்பட்டு வட்டாரத்தில் வைத்தியக் குடும்பங்களின் பரணில் கிடக்கும் மருந்துக் கணக்கு நோட்டு, மானியப் பட்டயம், கோயில் காணிக்கைச் சீட்டு, ஆலோசனை அறை ரசீது ஆகியவற்றை எடைக்குப் போட்டுவிடாமல், ஊர் நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சேர்ப்பியுங்கள். 950 ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிப்பெண்ணின் நாட்கூலி நான்கு நாழி நெல் என்று அறிய முடிவதற்குக் காரணம், அதை ஒருவர் கல்லில் வெட்டிவைத்ததுதான்.